பாதி விலைக்கு மெஷின் வாங்கும் என் தொழில் சொந்தங்களுக்கு

மர வேலை, வயரிங், பிளம்பிங், டைல்ஸ், வெல்டிங் என்று மெஷின் பிடித்துப் பிழைக்கும் அண்ணன் தம்பிகளே,

நான் தாம்பரம் பக்கம் 27 வருஷமாகத் தச்சு வேலை செய்கிறவன். உங்களில் பல பேருடன் ஒரே சைட்டில் நின்றிருக்கிறேன், ஒரே ஜங்ஷன் பாக்ஸில் வயர் சொருகியிருக்கிறேன், ஒரே கடையில் கணக்கு வைத்து டீ குடித்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என்னிடம் வேலை பழகும் பையன் ஒரு ஹேமர் டிரில்லைக் கொண்டுவந்து காட்டினான். "அண்ணே, கடையில பத்தாயிரம் சொல்றான். நான் 2,500-க்கு முடிச்சிட்டேன்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அவன் சொந்தமாக வாங்கிய முதல் மெஷின். சுற்றி ஐந்தாறு பேர் கூடிவிட்டோம். எலெக்ட்ரீஷியன் கையில் வாங்கி, சக்கை இழுத்து பிட்டைப் போட்டு, சுவரில் வைத்து ஓட்டிப் பார்த்தார். "நல்லா அடிக்குதுடா, இன்னொண்ணு கிடைக்குமா கேளு" என்றார். பிளம்பர் தனக்கு ஒரு கட்டிங் மெஷின் சொல்லி வைக்கச் சொன்னார். விலை பேசினோம், கண்டிஷன் பேசினோம், கார்பன் பிரஷ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று பேசினோம். இது யாருடைய மெஷின் என்ற கேள்வி ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை. மெஷினின் பெயர்த் தகட்டில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளி மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் நின்றேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

2017-ல் மேடவாக்கம் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் வேலை. இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்குள் சாமான் பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது, கொண்டி அறுபட்டிருக்கிறது. பெட்டியைக் காணோம். இழைப்பு மெஷின், டிரிம்மர், ஜிக்சா, ஒரு டிரில், நாலு இஞ்ச் கட்டிங் மெஷின். கூடவே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கொடுத்த ஆறு உளிகள். அதில் அரை அங்குல உளி ஒன்று தீட்டித் தீட்டிப் பாதி நீளம் குறைந்துபோனது. அதை யாரும் பத்து ரூபாய்க்குக்கூட வாங்க மாட்டார்கள். எனக்கு அந்த உளி பிடித்தால்தான் கீல் பள்ளம் சுத்தமாக வரும்.

சாமான் களவு போனால் நாம் மெஷின் விலையை மட்டும் கூட்டி நஷ்டம் என்று சொல்கிறோம். எனக்கு அது 32,000 ரூபாய் வந்தது. ஆனால் நஷ்டம் அங்கே தொடங்கியதுதான். அந்த ஃபிளாட்காரருக்குக் கிரகப்பிரவேசத் தேதி குறித்தாகிவிட்டது. மெஷினை வாடகைக்கு எடுத்து வேலையை முடிக்கப் பார்த்தேன். வாடகை மெஷின் என்றால் காலையில் கடை திறக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், சாயங்காலம் கடை அடைப்பதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று மணி நேரம் அதிலேயே போய்விடும். என்னோடு இருந்த இரண்டு பேரை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டேன், வெறும் கையோடு அவர்களை வைத்து என்ன செய்வது? அடுத்து வரவேண்டிய ஒரு கிச்சன் வேலை கைவிட்டுப் போனது. வீட்டில் மனைவி குழுக் கடன் எடுத்தாள். ஒவ்வொரு வாரமும் தவணை நாளுக்கு முந்தின ராத்திரி அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கும் பர்ஸை எடுத்து எண்ணுவாள். சத்தம் வராமல் எண்ணுவாள், நான் கேட்கக் கூடாதென்று. எனக்குக் கேட்கும்.

இன்னொன்றும் நடந்தது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. யார் எடுத்தது என்று பேச்சு வந்ததும், சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்கியிருந்த ஒடிசாப் பையன்களின் பைகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னாலும் கொட்டினார்கள். ஒரு பையன் பையிலிருந்து இரண்டு சட்டை, ஒரு சீப்பு, ஒரு பாட்டில் கடுகு எண்ணெய் விழுந்தன. மூடி கழன்று எண்ணெய் சட்டையில் ஊறியது. அவன் குனிந்து அதை எடுத்துப் பிழிந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அங்கேதான் நின்றேன். என் சாமானுக்காகத்தான் அது நடந்தது. வயதான வாட்ச்மேனை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் யாரிடமும் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் பெரும்பாக்கத்தில் வேறொரு கட்டடத்துக்கு அளவெடுக்கப் போனேன். மேலே யாரோ கதவு ஓரம் சீவுகிற சத்தம். படி ஏறும்போதே அந்தச் சத்தம் என்னை என்னவோ செய்தது. பேரிங் கொஞ்சம் தேய்ந்த மெஷின் ஓட்டம் எடுக்கும்போது முதலில் கரகரக்கும், அப்புறம் சீராகிவிடும். என் இழைப்பு மெஷின் அப்படித்தான். மேலே போய்ப் பார்த்தேன். மெஷினின் முன்பக்கம் ஆழம் வைக்கிற குமிழ் கறுப்பாக மின்னியது. கம்பெனிக் குமிழ் கீழே விழுந்து உடைந்தபோது, கைவசம் கிடந்த ஈட்டி மரத் துண்டில் நான் கடைந்து போட்ட குமிழ் அது. கை வியர்வை பட்டுப் பட்டு முன்னைவிட நன்றாக மெருகேறியிருந்தது.

"தம்பி, இந்தக் குமிழ் யார் போட்டது?" என்று கேட்டேன்.

"வாங்கும்போதே இருந்துச்சுண்ணே. ஈட்டின்னு நினைக்கிறேன். அருமையா கடைஞ்சிருக்காங்க பாருங்க" என்று திருப்பிக் காட்டினார்.

"நான் கடைஞ்சது" என்றேன்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். வயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். முப்பது வயதிருக்கும். நல்ல வேலைக்காரர், சீவி வைத்திருந்த கதவு ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. "1,800 கொடுத்தேண்ணே. ஒரு ஆளு சைட்டுக்கே கொண்டாந்தான். சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி, "கேட்டிருக்கணும்ண்ணே" என்றார்.

கதவு பாதி சீவினபடி நின்றது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பார்ப்பார் என்று சொன்னார். முடிச்சுக்க தம்பி, அப்புறம் எடுத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு வெளியே படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போல என் மெஷின் உள்ளே ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்து, பிளேடைத் துடைத்து, தூசியை ஊதிக் கையில் கொடுத்தார். அவருக்கு 1,800 ரூபாயும் போயிற்று, மறுநாள் வேலைக்கு மெஷினும் இல்லை. சாமான் என்னுடையதுதான், ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது அவர் வயிற்றில் அடித்துவிட்டுப் போகிறவன் மாதிரிதான் இறங்கினேன். திருடினவன் எங்கேயோ இருந்தான். அடிபட்டது தச்சர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது மனசில் ஓடிய ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடலே.

திருடனுக்கு எதற்கு இழைப்பு மெஷின்? அவன் அதை வைத்துக் கதவு சீவப் போவதில்லை. நகையைத் திருடினால் உருக்கலாம். போனைத் திருடினால் எவன் தலையிலும் கட்டலாம். வயல்காட்டில் பம்ப்செட் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறவன்கூடத் தோலை எரித்துச் செம்பை எடைக்குப் போட்டுவிடுகிறான். அந்தச் செம்பு உருகிப்போனால் விவசாயியின் கேபிள் என்று அடையாளம் எங்கே இருக்கும்? அதை வாங்குகிறவன் யார் என்று நம்மால் கைநீட்ட முடியாது. ஆனால் தச்சனின் ரவுட்டர் மெஷின் ஒன்றை உடைத்தால் என்ன தேறும்? ஆர்மேச்சரில் கொஞ்சம் செம்பு, மிச்சம் இரும்பும் பிளாஸ்டிக்கும். காயலான் கடையில் 200 ரூபாய்கூடத் தர மாட்டார்கள். அந்த 200 ரூபாய்க்காக எவனும் ராத்திரி இரண்டு மணிக்குச் சாரம் ஏறி வர மாட்டான்.

ரவுட்டர் ரவுட்டராக இருந்தால்தான் அதற்கு விலை. அந்த விலையைக் கொடுக்க ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, தச்சன். டைல்ஸ் கட்டரை வாங்க டைல்ஸ்காரர்தான் வரவேண்டும். வெல்டிங் செட்டை வெல்டர்தான் வாங்குவார். டீச்சர் வாங்க மாட்டார், பேங்க் மேனேஜர் வாங்க மாட்டார். நம் சாமானைத் திருடுகிறவனுக்கு நம்மைத் தவிர வாடிக்கையாளரே கிடையாது. நாம் கையை நீட்டவில்லை என்றால் அவன் அதைத் தலையில் சுமந்து திரிய வேண்டியதுதான். "நான் வாங்கலைன்னா இன்னொருத்தன் வாங்கிட்டுப் போகப்போறான்" என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த இன்னொருத்தன் யார்? பக்கத்து சைட்டில் நிற்கும் நம்மாள்தான். அவரும் நம்மைக் காட்டி அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். என் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

2012-ல் நானும் வாங்கினேன். ஒரு ரவுட்டர். டீக்கடை வாசலில் ஒருத்தன் கோணிப்பையில் வைத்திருந்தான். பெட்டி இல்லை, ஸ்பேனர் இல்லை, பில் இல்லை. பிட் மாற்றிக் காட்டு என்றேன், அவனுக்கு மாற்றத் தெரியவில்லை. கோலெட் நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியாமல் முழித்தான். ரவுட்டர் வைத்திருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? 2,200 சொன்னதை 1,500-க்குக் குறைத்தேன். அவன் அவசரம் எனக்குத் தெரிந்ததால் குறைக்க முடிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வழக்கம்போல எல்லாச் சாமானையும் எடுத்துத் துடைத்தோம். ரவுட்டரின் வயரில் மெஷினை ஒட்டிய இடத்தில் கறுப்பு டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. பிசுபிசுவென்று அழுக்கு. பிரித்துப் புதுசாகச் சுற்றலாம் என்று எடுத்தேன். டேப் மெஷினின் உடம்பிலும் கொஞ்சம் ஏறி ஒட்டியிருந்தது. அது உரிந்த இடத்தில் ஆணியால் கீறிய எழுத்துகள். ஹிந்தி எழுத்து. நிதானமாக, ஒரே ஆழத்தில், மேலே கோடு போட்டு எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் நன்றாக எழுதியவராக இருக்க வேண்டும்.

அதன் மேலேயே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரி கடலையோடு பூஜையில் வைத்தேன். என் பிள்ளைகளும் அதற்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.

பூஜை முடிந்து வேலைக்குப் போனதும் சைட்டில் கிரானைட் போடும் ஒரு பீகார்க்காரரிடம் காட்டினேன். அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்து வாசித்தார். பேரும் ஊரும் இருக்கு என்றார். "கஹாங் சே மிலா?" என்று கேட்டார். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிறார், எனக்குப் புரிந்தது. நண்பர் கொடுத்தார் என்று பொய் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். மெஷினைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த சைட் முடியும் வரை என்னிடம் ஒரு கட்டிங் மெஷின்கூட இரவல் கேட்கவில்லை.

பேரும் ஊரும் தெரிந்த பிறகும் ஐந்து வருஷம் அந்த மெஷினில் வேலை செய்தேன். எத்தனை மேஜை ஓரம், எத்தனை கதவு. என் சொந்தச் சாமான் போய், என் குமிழை இன்னொருவர் கையில் பார்த்த பிறகுதான் அதைத் தொடுவதை நிறுத்தினேன். அதுவரைக்கும் அந்த ஆள் எனக்கு ஒரு ஆளாகவே தெரியவில்லை. ரெண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தவர். சைட் கொட்டகையில் தலைமாட்டில் மெஷினை வைத்துப் படுத்திருப்பார். காணாமல் போனதும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார், எந்தப் பாஷையில் எழுதிக் கொடுப்பார்? தமிழ்க்காரனான எனக்கே புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்க ரெண்டு நாள் அலைச்சல். நம் ஊரில் மிகச் சுலபமாகத் திருட்டுக் கொடுப்பவர்கள் அவரைப் போல வடக்கே இருந்து வந்தவர்கள்தான்.

போன வருஷம் ஒரு வக்கீல் வீட்டில் புத்தக அலமாரி செய்தேன். வேலை நடுவில் மெல்ல இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். அதில் ஒன்று என்னை நிமிர வைத்தது. 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் 60-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். ஒருவர் கடன் வாங்கித் திருப்பித் தராமல், கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, வீட்டிலுள்ள சாமானை ஜப்தி செய்ய ஆள் வந்தாலும் சிலதைத் தொடக் கூடாது. உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், பெண் கழற்றக் கூடாத தாலி மாதிரியான நகை. அந்த வரிசையிலேயே கைத்தொழில் செய்கிறவனின் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள். உழவன் என்றால் அவன் ஏர்க் கலப்பை, மாடு, விதைநெல். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நியாயமாகக் கடன் கொடுத்து, கோர்ட்டில் ஜெயித்தவனே தச்சனின் உளியில் கை வைக்க முடியாது. டீக்கடை வாசலில் 1,500 ரூபாய் கொடுத்தேன் என்பதற்காக நான் எப்படி வைக்கலாம்?

வாங்குகிறவனைப் பற்றிய சட்டத்தையும் சொன்னார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-வது பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 411-ஆக இருந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினாலும், அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கி வைத்துக்கொண்டாலும், மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதையே வழக்கமாக வைத்துக்கொண்டு வாங்கி விற்பவர்களுக்கு ஆயுள் வரைக்கும் போகலாம். "நம்புவதற்குக் காரணம்" என்றால் என்ன சார் என்று கேட்டேன். "உங்க ரவுட்டர்காரனுக்கு நட்டு திருகத் தெரியலைன்னு சொன்னீங்களே, அது" என்றார். தேய்த்த நம்பர், டீக்கடை வாசல், கால் விலை எல்லாம் அதற்குள் வருமாம். அது மட்டுமில்லை, சரக்கு விற்பனைச் சட்டம் என்று 1930-லிருந்து இருக்கிறது. விற்பவனுக்கு இல்லாத உரிமை வாங்குகிறவனுக்கு வராது என்பது அதில் பொது விதி. திருட்டுச் சாமானை நல்ல மனசோடு, தெரியாமலே வாங்கியிருந்தாலும், உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுத்த பணத்துக்கு விற்றவனைத் தேடிப் போக வேண்டும். பெரும்பாக்கத்தில் அந்தத் தம்பி வயரைச் சுற்றிக் கையில் கொடுத்தாரே, சட்டம் தெரியாமலே சட்டப்படி நடந்திருக்கிறார்.

சட்டத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. நம்மில் எத்தனை பேர் பிடிபடப் போகிறோம்? நான் 2012-ல் பிடிபடவில்லை. ஐந்து வருஷம் எனக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. கஷ்டமெல்லாம் அந்தப் பேர் எழுதினவருக்குத்தான்.

"கம்பெனி சாமான்தானே, அவனுக்கு இன்சூரன்ஸ் இருக்கும்" என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. பெரிய கட்டுமானக் கம்பெனிக்கு இருக்கலாம். ஆனால் கம்பெனி ஸ்டோரில் ஒரு பிரேக்கர் மெஷின் குறைந்தால் முதலில் ஸ்டோர் கீப்பரைத்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டாயிரம் சம்பளக்காரர். மாதா மாதம் பிடித்தம் போட்டால் என்ன மிஞ்சும் அவருக்கு? வாட்ச்மேன் போன கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வாடகை மெஷின் கடைக்காரர் நம்மை மாதிரியே ஒரு காலத்தில் சைட்டில் நின்றவர், முழங்கால் போனதும் நான்கு மெஷின் வாங்கிக் கடை போட்டவர். ஆதார் நகலைக் கொடுத்து வாடகைக்கு எடுத்துப்போய் அப்படியே விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்குகிறவரும் நம்மில் ஒருவர்தான். அப்புறம் கடைக்காரர் டெபாசிட்டைக் கூட்டுகிறார், தெரியாத முகத்துக்கு மெஷின் தருவதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன் வாடகைக்குக்கூட மெஷின் கிடைக்காமல் நிற்கிறான்.

பழைய சாமானே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பாவம் எனக்கு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நானே அருமையான ஒரு இழைப்புளி வாங்கியிருக்கிறேன். தொழிலை விட்ட ஒரு பெரியவரின் மகன் விற்ற சாமான். எந்த மரத்துக்கு எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அப்பா சொன்னதை அவர் எனக்குச் சொல்லித்தான் கொடுத்தார். மெஷின் ரிப்பேர் கடைகளில் ஆர்மேச்சர் மாற்றி, பேரிங் மாற்றி, கைப்பட ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அது முறையான சாமான். வித்தியாசம் ரொம்பப் பெரிய ரகசியமில்லை. உரியவன் விற்கும்போது அந்த மெஷினின் கதை அவனிடம் இருக்கும். எப்போது வாங்கியது, எங்கே கீழே விழுந்தது, எந்தப் பட்டன் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்காமலே சொல்வான். விற்க மனசில்லாமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டுவான். திருட்டுச் சாமானுக்குக் கதை கிடையாது. "மாமா ஃபாரின்ல இருந்து கொண்டாந்தாரு", "ஃபிரண்டு காலி பண்ணிட்டு ஊருக்குப் போறான்", இவ்வளவுதான் வரும். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் கோபம் வரும், இல்லையென்றால் விலை இன்னும் இறங்கும். கேள்வி கேட்கக் கேட்க விலை இறங்குகிற சாமானைத் தொடாதீர்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. இதில் நான் பெரிய வார்த்தை பேச மாட்டேன். ஒரு தச்சர் நாள் கூலியாக ஆயிரம், ஆயிரத்து இருநூறு வாங்குகிறார், அதுவும் வாரத்தில் ஆறு நாளும் கிடைக்குமா தெரியாது. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு அனுப்புவது போக பத்தாயிரம் ரூபாய் மெஷினுக்கு எத்தனை மாதம் சேர்ப்பது? 35 வயது நிறைந்தவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தை விசாரியுங்கள். 2025-ல் தமிழக அரசு தொடங்கியது. 25 தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், உச்சமாக 50,000 ரூபாய் மானியம். மர வேலையும் அதில் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் என்னிடம் இருக்கும் பையனுக்கு 22 வயது. அவனுக்கு அது உதவாது.

அவன் விஷயத்தில் பொறுப்பு என்னைப் போன்ற மூத்தவர்களுடையது. நான் தொழில் பழகிய காலத்தில் என் குரு முதல் இரண்டு வருஷம் சொந்த உளியே வாங்க விடவில்லை. அவர் சாமானில் வேலை செய்தேன், அவரே தீட்டக் கற்றுக்கொடுத்தார், மூன்றாம் வருஷம் அந்த ஆறு உளியை எண்ணிக் கையில் கொடுத்தார். இன்றைக்கு நாமோ பையன்களைச் சேர்த்துக்கொள்ளும்போதே "மெஷின் வெச்சிருக்கியா? வெச்சிருந்தா நூறு ரூபா கூட" என்கிறோம். மெஷின் இருந்தால்தான் மதிப்பு என்று நாமே ஆக்கிவிட்டு, அவன் டீக்கடை வாசலில் வாங்கினால் கைதட்டுகிறோம். நான்கு பேர் இருக்கும் செட்டில் ஒரு ஹேமர் டிரில் பொதுவில் வாங்கினால் போதாதா? பையனின் கூலியில் வாரம் 300 பிடித்து, கடையில் பில்லோடு, அவன் பேரில் ஒரு மெஷின் எடுத்துக் கொடுத்தால் ஒரு வருஷத்துக்குள் அடைந்துவிடும். நான் அப்படிச் செய்திருந்தால் அவன் 2,500 ரூபாயைக் கோணிப்பைக்காரனிடம் கொடுத்திருக்க மாட்டான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் மெஷின்களை எடுத்து, சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். பில்லையும் படம் எடுங்கள், காகிதம் மங்கிவிடும். உங்கள் முதலெழுத்தை எங்காவது ஆழமாகக் கீறி வையுங்கள், டேப்புக்கு அடியில் மறைக்க முடியாத இடத்தில். சாமான் காணாமல் போனால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், நம்பரை உங்கள் செட்டு ஆட்களுக்கெல்லாம் அனுப்புங்கள். சைட்டுக்கு ஒருவன் கோணிப்பையோடு வந்தால் முதல் கேள்வியை மூத்தவர்களே கேளுங்கள். பையன் கேட்டால் அவனை மிரட்டுவான், ஐம்பது வயது தலை கேட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவான். அவன் நான்கு சைட்டுக்குச் சுமந்துபோய் நான்கிலும் விலைபோகாமல் திரும்பினால், ஐந்தாவது ராத்திரி யார் வீட்டுக் கொண்டியையும் அறுக்க அவனுக்கு வேலையில்லை.

நம் சைட்டில் இருக்கும் பீகார், ஒடிசா, வங்காளப் பையன்களுக்கு அடுத்த வரிகளை யாராவது ஹிந்தியில் சொல்லுங்கள். 2012-லோ அதற்கு முன்போ தாம்பரம், மேடவாக்கம் சுற்று வட்டாரத்தில் ரவுட்டர் தொலைத்த ஒருவர் இருக்கிறார். மெஷினின் உடம்பில், வயர் நுழையும் இடத்துக்கு மேலே, ஆணியால் பேரும் ஊரும் எழுதி வைத்திருந்தார். அடியில் உள்ள தகட்டில் ஒரு மூலை வளைந்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்திய அடையாளம் இருக்கும். என்ன பேர், என்ன ஊர் என்று நான் எழுதப் போவதில்லை, உரியவருக்குத் தெரியும். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கலாம், தொழிலையே விட்டிருக்கலாம். அவரைத் தெரிந்தவர் யாராவது இருந்தாலும் போதும்.

என்னிடம் வேலை பழகும் பையனிடம் முந்தாநாள் எல்லாவற்றையும் சொன்னேன், ரவுட்டர் கதையையும் சேர்த்து. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். 2,500 அவன் அக்கா கொடுத்த பணமாம். பிறகு, "ஸ்டேஷனுக்குப் போனா அடிப்பாங்களாண்ணே?" என்று கேட்டான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இத்தனை வருஷம் ரவுட்டரைப் பரணில் வைத்திருந்ததற்கு அதுதான் காரணம். அலமாரி செய்த வீட்டு வக்கீல் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை போகிறோம். அவனுடைய ஹேமர் டிரில் பையில் தயாராக இருக்கிறது. ரவுட்டரை நேற்று ராத்திரி பரணிலிருந்து இறக்கினேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, புதுசு வாங்கிப் போட்டு, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.